எந்த ராசாவுக்குத் துரோகம்?

மருமகள், களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் எழுதிக் கேட்டது மூன்று கேள்வி. பிரித்தானிய முடிக்கு ஒருநாளும் சத்தியம் செய்யாத, இங்கிலாந்தைக் கண்ணாலும் காணாத ஓர் ஆளை வெள்ளைக்காரன் எந்தச் சட்டத்தை வைத்துத் துரோகி என்றான்? 1818 கண்டிக் கலகத்தின் தலைவர் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டியது சட்டப்படி சரியா? அவரையும் கூட நின்றவர்களையும் துரோகி என்று அறிவித்த வர்த்தமானி இன்னும் செல்லுமா? சுருக்கமாகப் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். அது எனக்கு வராது. முப்பது வருசம் கோட்டு முதலியாராக நின்று மற்றவர்கள் பேசியதை மொழிபெயர்த்தவனுக்குச் சொந்தமாகப் பேச இடம் கிடைத்தால் விடுவானா?

முதலில் ஒரு சொல். நீங்கள் 'தேசத்துரோகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பிழையை விட்டவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய குற்றப்பத்திரம் ஒன்றைத் தமிழில் வாசிக்கச் சொன்னார்கள். 'ஹை ட்ரீசன்' என்று வந்த இடத்தில் தேசத்துரோகம் என்றேன். பக்கத்தில் இருந்த வயதான அப்புக்காத்து ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "தம்பி, அதில் தேசம் எங்கே இருக்கிறது? ராசா ஒருவர்தானே இருக்கிறார்" என்றார். அன்றைக்குக் காது சிவந்தது. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இங்கிலாந்தின் துரோகச் சட்டத்துக்கு வேர் 1351 ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் எழுதிய ஒரு சட்டம். அதில் மண், மக்கள், நாடு என்று பேச்சே இல்லை. ராசாவைக் கொல்ல மனதில் எண்ணுவது, ராசாவுக்கு எதிராகப் போர் தொடுப்பது, ராசாவின் பகைவரோடு சேர்வது. இவைதான் பெரிய மூன்று. அதோடு ராசாவின் மூத்த மகளைக் கெடுப்பது, ஆசனத்தில் இருந்து வழக்கு விசாரிக்கும் நீதிபதியைக் கொல்வது என்று இன்னும் சில. வீட்டுக்காரர் ஒருவர் தன் வளவுக்கு வேலி போட்டது போலத்தான் அந்தச் சட்டம் எனக்குத் தெரியும்.

ராசா ஒரு ஆள், குடிமகன் ஒரு ஆள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கட்டு. அந்தக் கட்டு எப்படி விழுகிறது என்று 1608 இல் கால்வின் வழக்கில் சொன்னார்கள். ராசாவின் ஆட்சிக்குள் பிறந்தாலே போதும், விசுவாசம் பிறப்போடு ஒட்டிக்கொள்கிறது; ராசா பாதுகாப்புத் தருகிறார், அதற்குப் பதில் விசுவாசம். வாயால் சத்தியம் செய்வது இருக்கிற கட்டை வெளியே சொல்வது மட்டும்தான். பிறகு இது இன்னும் நீண்டது. தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்தில், பிரித்தானியரின் நேட்டாலில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், எதிரிப்படை வந்து அந்த ஊரைப் பிடித்திருந்த நேரத்தில் அவர்களோடு சேர்ந்தார். 1907 இல் கோமறைக் கழகம், அதாவது குடியேற்ற நாடுகளின் கடைசி மேன்முறையீட்டைக் கேட்ட லண்டன் மன்றம், அதையும் துரோகம் என்றது. பிறக்கவும் தேவையில்லை, நிழலில் குடியிருந்தாலே கடன் ஏறும். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: சத்தியம் தேவையே இல்லை. ஏறாவூரில் பிறந்த பிள்ளையும் லண்டனில் பிறந்த பிள்ளையும் இந்த ஒரு விசயத்தில் மட்டும் சரிசமம். வாக்குரிமையில் அந்தச் சமத்துவத்தைக் காண 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, எந்தப் புத்தகத்தின்படி? பிடித்த நாட்டில், ராசா மாற்றும்வரை பழைய சட்டமே நடக்கும் என்பது 1774 ஆம் ஆண்டின் கெம்பெல் எதிர் ஹோல் வழக்கில் உறுதியான விதி. அதை ஒட்டி, 1799 பிரகடனம் கரையோர மாகாணங்களில் ஒல்லாந்தர் காலச் சட்டமே தொடரும் என்றது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் அன்றைக்குக் காணிக்கும் குடிவழிக்கும் முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டம். ஆனால் ராசாவுக்கு விரோதம் என்று வந்தால் குடிவழி, பற்று, வழமை ஒன்றும் பேசாது. அங்கே ரோமன்-டச்சுச் சட்டம், ராசாவின் மகத்துவத்தைக் காயப்படுத்திய குற்றம். 1883 இல்தான் இந்திய மாதிரியைப் பார்த்துத் தண்டனைச் சட்டக்கோவை எழுதப்பட்டு, 1885 இல் நடைமுறைக்கு வந்தது. 114 ஆம் பிரிவு இராணிக்கு எதிராகப் போர் தொடுப்பது. மரணம், அல்லது இருபது வருசம் வரை மறியல். 115 அதற்குச் சதி செய்வது. 120 அரசின் மீது வெறுப்பை மூட்டுவது. அதற்கு இரண்டு வருசம் வரைதான்.

114 உம் 120 உம் வேறு வேறு என்பதை மாணவர்களுக்கு விளங்கப்படுத்த மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டைதான் எனக்கு உதவி. அதைப் பெருப்பித்துக் கட்டிய ஒல்லாந்தக் கொம்பனியின் முத்திரை எழுத்து வி.ஓ.சி. ஒருமுறை ஒரு பையன், "சேர், கப்பலோட்டிய தமிழனின் பேரை ஏன் இங்கே வெட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பை விடவில்லை. வ.உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டவர். 1908 இல் அவருக்கு விழுந்த தண்டனை போர் தொடுத்ததற்கல்ல, பேசியதற்கு. இந்தியக் கோவையின் 124-அ, நமது 120 இன் அண்ணன். பேச்சுக்கு இருபது, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இருபது என்று நாற்பது வருசம் நாடுகடத்தல் என்றார் நீதிபதி. மேன்முறையீட்டில் அது ஆறு வருசமானது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் பாருங்கள்: அங்கே வாய்க்கு ஆயுள், இங்கே இரண்டு வருசம். இரக்கத்தால் அப்படி எழுதினார்கள் என்று நினைக்கவேண்டாம். இலங்கையில் அவர்களுக்கு வேறு வழி இருந்தது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. துரோகக் குற்றச்சாட்டு என்பது ராசாவே வழக்காளி, ராசாவே நீதிபதியை நியமிப்பவர் என்ற நிலை. அதனால் 1696 இல் இங்கிலாந்துக்காரன் தனக்குச் சில கவசம் செய்துகொண்டான். வெளிப்படையான செயலை நிரூபிக்க இரண்டு சாட்சி வேண்டும், குற்றப்பத்திரத்தின் பிரதி முன்கூட்டியே கையில் வேண்டும், வாதாட அப்புக்காத்து வேண்டும். இங்கே கோவை வந்தது, குற்றம் வந்தது, தூக்கு வந்தது. ரெண்டு சாட்சி மட்டும் வரவில்லை. 1895 ஆம் ஆண்டுச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 134 ஆம் பிரிவைப் புரட்டுங்கள்: எந்த விசயத்தை நிரூபிக்கவும் இத்தனை சாட்சி என்று கணக்கில்லை. மாடு களவுக்கும் ராசதுரோகத்துக்கும் ஒரே அளவு. கவசம் கப்பலேறவே இல்லை என்று நான் வகுப்பில் சொல்வேன்.

இனி கெப்பெட்டிபொல. இதை இங்கிருந்து, மேற்கே பார்த்துச் சொல்கிறேன். மகாஓயா, பதியத்தலாவை என்று இன்றைக்கு அம்பாறை மாவட்டத்தில் இருக்கிற மேற்கு விளிம்புக்கு அப்பால் வெல்லஸ்ஸ, விந்தனை. அது கண்டி ராசாவின் நாடு. 1804 செப்டெம்பரில் ஆதர் ஜோன்ஸ்டன் என்ற பிரித்தானிய அதிகாரி சுமார் 300 படையாட்களோடு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, காடு மலை கடந்து ஒக்டோபர் தொடக்கத்தில் கண்டியில் போய் நின்றார். வரவேண்டிய மற்றப் படைகள் ஒன்றும் வரவில்லை. சண்டை போட்டபடி திருகோணமலைக்குத் தப்பி ஓடினார். (1811 இல் ஜூரி முறையைக் கொண்டுவந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் வேறு ஆள். பரீட்சையில் குழப்ப வேண்டாம்.) அந்த வழியில் மரத்துக்குப் பின்னால் நின்று அம்பு விட்ட ஒரு ஆளைப் பிடித்திருந்தால் அவன் யார்? எதிரி. போர்க் கைதி. ஜோர்ஜ் மன்னருக்கு அவன் ஒரு கடனும் பட்டவனில்லை.

1815 மார்ச் 2 இல் கண்டி ஒப்பந்தம். அதே ஆள், அதே சேனை, அதே வில். வளவை விட்டு ஓரடி நகரவில்லை. மார்ச் 1 இல் கண்டி ராசாவின் குடி, மார்ச் 2 இல் மூன்றாம் ஜோர்ஜின் குடி. 1817 இல் கலகம் வெடித்தபோது அவன் விட்ட அம்பு துரோகமாகிவிட்டது.

அந்த ஒப்பந்தத்தை ஒருதரம் முழுக்க வாசியுங்கள். நம்மவர்கள் கண்ணில் பட வேண்டிய இடம் மூன்றாவது வாசகம். பதவி இறக்கப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆண் உறவினர் எல்லாரும் கண்டி மாகாணங்களுக்குப் பகைவர். எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே வந்தால் இராணுவச் சட்டம். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் திரும்பி வந்தாலும் அதே. மலபார் என்று அன்றைக்கு அவர்கள் எழுதியது தமிழ் பேசுகிறவர்களை, தெற்கிந்தியாவிலிருந்து வந்தவர்களை. கால்வின் வழக்கில் பிறப்பு ஒருவனைக் குடியாக்கியது. இங்கே பிறப்பு ஒருவனைப் பகைவனாக்கியது. ஒரு செயலும் செய்திருக்கத் தேவையில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வெல்லஸ்ஸவில் கிளம்பிய கலகத்துக்கு ஒரு ராசா தேவைப்பட்டது. வந்தவர் தன்னைத் துரைசாமி என்றார், நாயக்க வம்சம் என்றார். உண்மையில் அவர் வில்பாவே என்ற, முன்பு துறவியாக இருந்த சிங்களவர் என்று பிறகு தெரியவந்தது. வெள்ளைக்காரன் துரத்திய வம்சத்தின் பெயரைப் போட்டுக்கொண்டால்தான் சனம் பின்னால் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பிரித்தானியர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக, அதாவது தலைவராக, நியமித்த ஹாஜி மரிக்காரை இந்த ராசாவின் ஆட்கள் பிடித்துக் கொன்றார்கள். அவர்கள் கண்ணில் அவர் துரோகி. ஒரே காட்டில் இரண்டு ராசா, இரண்டு துரோகச் சட்டம். நடுவில் தவளம், அதாவது பொதிமாடு, ஓட்டிப் பிழைத்த சனம்.

கெப்பெட்டிபொல ஊவாவின் திசாவை, அதாவது அந்த மாகாணத்தின் அதிகாரி. 'மொனரவில' என்ற பெயரில் கண்டி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர். பிரித்தானியருக்குக் கீழும் அதே பதவி. கலகத்தை அடக்க அவரைத்தான் அனுப்பினார்கள். போனவர் அந்தப் பக்கம் சேர்ந்தார். 1818 ஜனவரியில் தேசாதிபதி பிரவுன்றிக் 19 பேரைத் துரோகிகள் என்று வர்த்தமானியில் அறிவித்தார். ஒக்டோபர் கடைசியில் கெப்பெட்டிபொல பிடிபட்டார். இராணுவ நீதிமன்றம். நவம்பர் 26 இல் மடுகல்லையோடு சேர்த்துக் கண்டியில் தலை வெட்டப்பட்டது. மண்டையோட்டை ஆராய்ச்சிக்கென்று எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது திரும்பி வந்தது.

சரியா என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம் இரண்டு துண்டு. பெயரளவில் குற்றச்சாட்டு நிற்கும்: ஒப்பமிட்டவர், பதவி வாங்கியவர், சம்பளத்துக்கு அனுப்பப்பட்டவர். வெல்லஸ்ஸ வில்லாளியைவிட அவருக்கு எதிரான வழக்கு எவ்வளவோ பலம். விசாரணைதான் நிற்காது. அதே ஒப்பந்தம், மக்களுக்கான நீதி வழமையான முறையில் நடக்கும் என்று வாக்குத் தந்தது. 1818 பெப்ரவரியில் இராணுவச் சட்டம் போட்டு அந்த வாக்கை ஒரு பக்கம் வைத்தார்கள். அதுவும் அவர் பிடிபட்டபோது கலகம் முறிந்து கிடந்தது. சண்டை முடிந்தபிறகு பட்டாளத்து அதிகாரிகள் ஏன் நீதிபதியாக இருக்க வேண்டும்? இதற்கு நான் வாசித்த எதிலும் நேரான பதில் இல்லை.

நான் முன்னே சொன்ன 'வேறு வழி' இதுதான். இலங்கையில் துரோகச் சட்டத்தின் கதை உண்மையில் அதைத் தவிர்த்த கதை. 1848 மாத்தளைக் கலகத்தில் இது பளிச்சென்று தெரியும். தம்புள்ளையில் முடிசூட்டிக்கொண்டவர் கொங்காலேகொட பண்டா. அவருடைய தளபதி வீர புரன் அப்பு. தளபதி முதலில் பிடிபட்டார், இராணுவ நீதிமன்றத்துக்குப் போனார், ஓகஸ்ட் 8 இல் சுடப்பட்டார். முடிசூடிய ராசா செப்டெம்பரில் பிடிபட்டதால் சுப்ரீம் கோட்டுக்குப் போனார். நவம்பர் கடைசியில் கண்டியில் ராசதுரோக வழக்கு. குற்றவாளி, தூக்கு என்று தீர்ப்பு. பிறகு அது நூறு கசையடியும் மலாயாவுக்கு நாடுகடத்தலும் ஆனது. இன்னொரு ராசாவாக முடிசூட்டிக்கொள்வதைவிடப் பெரிய துரோகம் 1351 சட்டத்தில்கூட இல்லை. ஆனால் செய்தவர் உயிரோடு கப்பலேறினார். கோட்டுப்படி ஏறியவன் பிழைத்தான், கூடாரத்துக்குப் போனவன் செத்தான். தேசாதிபதி டொரிங்டனுக்கு இதுவே வினையாகி, லண்டன் பாராளுமன்றம் விசாரணை வைத்து, 1850 இல் அவர் பதவியை விட்டார்.

1915 இல் மறுபடியும். கண்டிப் பக்கம் மே மாதக் கடைசியில் முஸ்லிம்கள் மீது தொடங்கிய கலவரம் மாகாணம் மாகாணமாகப் பரவியது. கடை உடைத்தவனைப் பிடித்தால் அது கலகம், கொள்ளை. எப்படித் துரோகம் ஆகும்? இதற்கும் இங்கிலாந்தில் ஒரு பழைய கயிறு இருக்கிறது. உங்கள் வேளாண்மைக்குத் தண்ணி விடாத ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்காரரின், வாடியைக் கோபத்தில் கொளுத்தினால் அது தீ வைத்த குற்றம். எல்லாப் போடிமாரின் வாடிகளையும் கொளுத்துவோம் என்று கூட்டம் சேர்த்துப் புறப்பட்டால், நோக்கம் பொதுவானது. அது ராசாவின் அமைதிக்கு எதிரான போர். 1710 இல் லண்டனில் கிறிஸ்தவச் சபைக் கட்டடங்களை உடைத்த டமாரீ என்பவரின் வழக்கில் இப்படித் தீர்த்தார்கள். அந்தக் கயிறு 1915 இல் இங்கே வந்தது. பணக்கார வீட்டுப் பையன், பட்டாளத்துக் கப்டன், 26 வயது ஹென்றி பெத்ரிஸ் துரோகம் உட்பட்ட குற்றங்களுக்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, ஜூலை 7 இல் வெலிக்கடையில் சுடப்பட்டார். சாதாரண நீதிமன்றங்கள் அந்த நேரம் திறந்துதான் இருந்தன. ஓகஸ்டில், அதிகாரிகள் நல்லெண்ணத்தோடு செய்தவற்றுக்கு வழக்குப் போட முடியாது என்று லண்டனிலிருந்து பாதுகாப்புக் கட்டளையும் வந்தது.

பொன்னம்பலம் இராமநாதன் இதை எதிர்த்துச் சட்டசபையில் பேசி, லண்டன் போய் வாதாடித் திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் அவருடைய வண்டியைக் கையால் இழுத்தார்கள். சட்டப் பக்கத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் இந்தக் கதையைச் சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ முஸ்லிம்களுக்குச் சொல்லும்போது முகங்களைக் கவனித்திருக்கிறேன். உடைந்த கடைகள் யாருடையவை என்று அங்கே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சுதந்திரம் வந்தபிறகும் 1972 வரை நாம் முடியின் கீழ்தான். எலிசபெத் 'இலங்கையின் இராணி'. 1961 இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் யாழ்ப்பாணத்தில் தொடங்கி இங்கும் வந்தது. நம்மூர்க் கச்சேரி, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகம், அப்போது கோட்டைக்குள். ஒல்லாந்தன் கட்டிய வாசலில் சனம் குந்தியிருந்து அரசாங்க வேலையை நிறுத்தியது. ஏப்ரலில் கட்சி சொந்தமாகத் தபால் சேவை நடத்தி முத்திரையும் விட்டது. முத்திரை அடிப்பது ராசாவின் வேலை. பழைய நீதிபதி ஒருவர் கையில் இது கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஆனால் 114 ஐ யாரும் தொடவில்லை. அவசரகாலம், ஊரடங்கு, தலைவர்கள் பனாகொடை முகாமில். துரோகம் என்றால் திறந்த கோட்டில் நிரூபிக்க வேண்டும். தடுத்து வைக்க அது தேவையில்லை.

திறந்த கோட்டில் முயன்றுபார்த்தது 1962 இல். ஜனவரி 27 இரவு நடக்கவிருந்த ஆட்சிக் கவிழ்ப்பு வெளியே தெரிந்து, பட்டாளத்து, பொலிஸ் பெரியவர்கள் உட்பட 24 பேர் மீது வழக்கு. முதல் குற்றச்சாட்டு இராணிக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி. அவர்களில் பலர் இராணியின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கக்கூடிய வகை ஆட்கள். அவர்களுக்குப் பிடிக்காதது இராணியின் அரசாங்கம். இருக்கிற சட்டம் போதாது என்று அரசாங்கம் அந்த ஆண்டே ஒரு விசேட சட்டம் போட்டது. ஜனவரி 1 இலிருந்து பின்னோக்கிச் செல்லும், ஜூரி இல்லை, நீதிபதிகளை அமைச்சர் பெயர் சொல்லலாம், குறைந்தது பத்து வருசம், சொத்துப் பறிமுதல். அமைச்சர் நியமித்த முதல் நீதிபதிகள் ஆயம், எங்களை நியமிக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்று எழுந்துவிட்டது. இரண்டாவது ஆயத்தில் ஒருவர் முன்பு சட்டமா அதிபர் பக்கத்தில் இதே விசாரணையோடு தொடர்புபட்டிருந்தார், அதுவும் கலைந்தது. மூன்றாவது ஆயம் 11 பேரைக் குற்றவாளி என்றது. அவர்கள் மேன்முறையீடு செய்தது இராணியின் கோமறைக் கழகத்துக்கு. 1965 டிசம்பரில் லியனகே எதிர் இராணி வழக்கில் அது தீர்த்தது: குறிப்பிட்ட சில ஆட்களைக் குற்றவாளியாக்கவென்றே பாராளுமன்றம் சட்டம் எழுதினால், அது நீதிபதியின் வேலைக்குள் கை வைப்பது, சட்டம் செல்லாது. எல்லாரும் விடுதலை. இராணிக்கு எதிராகச் சதி செய்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை இராணியின் மன்றமே வீட்டுக்கு அனுப்பியது. நீங்கள் பரீட்சைக்கு ஒரே ஒரு தீர்ப்பை முழுதாக வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டேன். பிரவுன்றிக்கின் வர்த்தமானி இப்போது இல்லை. 2016 டிசம்பரில் ஜனாதிபதி அதை இரத்துச் செய்து, அந்த 19 பேரும் தேசிய வீரர்கள் என்று பிரகடனத்தில் ஒப்பமிட்டார். 198 வருசம் செத்தவர்கள் துரோகிகளாகவே கிடந்தார்கள்.

114 ஆம் பிரிவு மட்டும் உயிரோடு இருக்கிறது. அடுத்த கிழமை வந்தால் என்னிடமுள்ள பழைய தண்டனைச் சட்டக்கோவையைத் தருகிறேன், கரையான் கொஞ்சம் தின்றுவிட்டது. எனக்கு முன்னிருந்த யாரோ ஒரு கிளாக்கர் அந்தப் பிரிவில் 'கிங்' என்பதை வெட்டி நீல மையில் 'குயின்' என்று எழுதியிருக்கிறார். பிறகு வேறொரு கை, சிவப்பு மையில், அதையும் வெட்டி 'ரிபப்ளிக்' என்று மேலே எழுதியிருக்கிறது. பிரிவில் வேறு ஒரு சொல்லிலும் பேனை படவில்லை.